முத்திரை பெற்ற வதந்தி

செய்திச் சாதனங்கள் அரசியலையும் பொதுமக்களின் கருத்தையும் உருவாக்குகின்றன என்று கூறுவது புதிதன்று. செய்தித்தாள், வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி என ஒவ்வொன்றும் தோன்றியபோது திருச்சபையின் மேடைகளிலிருந்து எச்சரிக்கைகள் எழுந்தன. இப்பொழுது கைப்பேசியைக் குறித்து எழுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொதுக்குறை உண்டு. சாதனம் வேறெங்கோ இருக்கிறது. அதனால் கெடுக்கப்படுவோர் மக்கள். நாமோ இரண்டுக்கும் வெளியே நின்று தீர்ப்புரைக்கிறோம் என்ற எண்ணத்தோடு அவை பேசுகின்றன. இக்கட்டுரையில் நாம் அவ்வாறு பேச இயலாது. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

நாம் ஆராய விரும்பும் வினா ஒன்றே. யாரோ ஒருவர் சொன்ன ஆதாரமற்ற சொல் எந்தக் கட்டத்தில், எதன் துணையால், ஓர் ஊரின் பொதுக்கருத்தாக மாறுகிறது? இவ்வினாவுக்கு விடை தேட நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரமும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையும் போதிய பாடம் தருகின்றன.

1. இரு வதந்திகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரம் வெளியூர்த் தொழிலாளரைக் கண்டு பழகிய இடம். இரும்பு உருக்காலைகளிலும் கம்பி உருட்டும் ஆலைகளிலும் உலையருகே நின்று செய்யும் வேலையை இன்று பெரும்பாலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த இளைஞரே செய்கின்றனர். ஆலையை ஒட்டிய தகரக் கொட்டகைகளிலும், ஊருக்குள் வரிசையாகக் கட்டப்பட்ட வாடகை அறைகளிலும் அவர்கள் நெருங்கி வாழ்கின்றனர். ஊரார் அவர்களைத் தினந்தோறும் காண்கின்றனர், பெயர் அறியார். ஒடியா பேசுபவரும், வங்காளம் பேசுபவரும், சாந்தாலி பேசுபவரும் 'இந்திக்காரர்' என்னும் ஒரே பெயரால் அழைக்கப்படுகின்றனர்.

இம்மக்களைக் குறித்து ஐந்தாண்டு இடைவெளியில் இரு வதந்திகள் எழுந்தன. 2018ஆம் ஆண்டு கோடையில், வடநாட்டுக் கும்பல்கள் நம் பிள்ளைகளைக் கடத்துகின்றன என்ற செய்தி வாட்ஸ்அப் வழியே தமிழ்நாட்டின் வடமாவட்டங்களெங்கும் பரவியது. அவ்வாண்டு மே 9ஆம் நாள், திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூர் அருகே குலதெய்வக் கோயிலுக்கு வழிகேட்டு வந்த சென்னை மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்பதற்காக அடித்துக் கொல்லப்பட்டார். அதே நாளில் நம் மாவட்டத்துப் பழவேற்காட்டில், அப்பகுதியில் ஆதரவின்றித் திரிந்துகொண்டிருந்த ஒருவரைக் கூட்டம் அடித்துப் பாலத்தில் தொங்கவிட்டது. அவர் மனநலம் குன்றியவர் என்று பின்னர்க் கூறப்பட்டது. கடத்தல்காரர் என்று கூறியோரிடம் எந்தச் சான்றும் இருக்கவில்லை.

2023ஆம் ஆண்டு மார்ச் மாத முதல் வாரத்தில் வதந்தி எதிர்த்திசையில் பாய்ந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர், கொல்லப்படுகின்றனர் என்று வடக்கே செய்தி பரவியது. இந்தி பேசியதற்காகப் பன்னிரண்டு பேர் தூக்கிலிடப்பட்டனர் என்று அரசியல் கட்சியைச் சார்ந்த வழக்குரைஞர் ஒருவர் எழுதினார். சாட்சியாகக் காட்டப்பட்ட காணொளிகளில் ஒன்று திருப்பூரில் வெளிமாநிலத்தார் தமக்குள்ளே மோதிக்கொண்ட காட்சி. மற்றொன்று கோயம்புத்தூரில் உள்ளூரார் தமக்குள் மோதிக்கொண்ட காட்சி என்று தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவர் சைலேந்திரபாபு விளக்கினார். ஹோலிப் பண்டிகைக்காக ஊர் திரும்பியோரால் நிறைந்த ரயில்கள், உயிர் தப்பி ஓடுவோரின் ரயில்களாகக் காட்டப்பட்டன. பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு சென்னைக்கும் திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து தொழிலாளரைக் கண்டு, அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்று அறிந்து திரும்பியது.

முதல் வதந்தியில் தொழிலாளர் கொலைகாரர், இரண்டாவதில் கொலையுண்டவர். இரண்டிலும் எவரும் அவர்களிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

2. நாம் கேளாத வினாக்கள்

இறையியல் கல்லூரிகளில் நற்செய்தி நூல்களைக் கற்பிக்கும்போது மூவகைத் திறனாய்வை மாணவருக்கு அறிமுகப்படுத்துகிறோம். மூல ஆய்வு, இச்சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறது. வடிவ ஆய்வு, இஃது எவ்வகைக் கூற்று, எச்சூழலில் வாழ்ந்தது என்று கேட்கிறது. தொகுப்பாய்வு, இதனை இவ்வடிவில் தொகுத்தவர் எதனைச் சேர்த்தார், எதனை நீக்கினார் என்று கேட்கிறது. இம்மூன்று வினாக்களையும் திருமறைக்கு அஞ்சாது தொடுக்கும் நாம், கைப்பேசியில் வரும் செய்திக்குத் தொடுப்பதில்லை. இதைவிட விந்தையான நம்பிக்கை வேறில்லை.

மூலத்தை எடுத்துக்கொள்வோம். 2018இல் இந்தியாவின் பல மாநிலங்களில் சுற்றிய ஒரு காணொளியில், மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்கின்றனர். அது பாகிஸ்தானின் கராச்சி நகரில், பிள்ளைகளின் பாதுகாப்பைக் குறித்த விழிப்புணர்வுக்காக நடிகரைக் கொண்டு எடுக்கப்பட்ட படம். படத்தின் இறுதியில் அவர்கள் குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை வாசகத்தைக் காட்டுகின்றனர். அவ்விறுதிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டனர். பிள்ளைகளைக் காக்க எழுந்த படம், அந்தச் சில விநாடிகள் நீங்கியதால் மனிதரைக் கொல்லும் படமாயிற்று. தொகுப்பாசிரியரின் வல்லமைக்கு இதனினும் தெளிவான உதாரணத்தை நாம் வகுப்பில் காட்ட இயலாது.

வடிவத்தை நோக்குவோம். நம் சபையாரின் வாட்ஸ்அப் குழுவுக்கு அந்நாட்களில் வந்த குரற்செய்தி இன்றும் நம் செவியில் இருக்கிறது. பேசியவர் தம் பெயரைச் சொல்லவில்லை. காவல்துறையில் பணியாற்றும் உறவினர் தம்மிடம் கூறியதாகச் சொன்னார். பக்கத்து ஊரில் நேற்று நடந்தது என்றார். அந்தப் பக்கத்து ஊரின் பெயர், செய்தி வேறு குழுவில் கேட்கப்பட்டபோது வேறாக இருந்தது. குரலில் நடுக்கம் இருந்தது. பிள்ளைகளை உடைய அனைவருக்கும் அனுப்புங்கள் என்ற வேண்டுகோளோடு அது முடிந்தது. பெயரற்ற சாட்சி, அதிகாரமுள்ள உறவினர், அருகிலுள்ள ஊர், அன்பின் பேரில் ஒரு கட்டளை என்னும் இந்நான்கும் வதந்தி இலக்கியத்தின் மாறாத உறுப்புகள். அன்பின் கட்டளையே இவற்றுள் வலியது. அதைப் பரப்பியோர் தாம் பிறருக்குத் தீங்கு செய்வதாக எண்ணவில்லை. அயலாரின் பிள்ளையைக் காப்பதாகவே எண்ணினர்.

3. முத்திரையின் வல்லமை

ஆயினும் வதந்தி தானே கொலை செய்வதில்லை. சந்தைகளிலும் தேநீர்க்கடைகளிலும் நாள்தோறும் பிறந்து மடியும் சொற்கள் எத்தனையோ. அவற்றுள் ஒன்று பொதுக்கருத்தாவதற்கு, மக்கள் ஏற்கெனவே நம்பும் ஒருவர் அதன்மேல் தம் முத்திரையை இட வேண்டும்.

1 இராஜாக்கள் 21ஆம் அதிகாரத்தில் வரும் நாபோத்தின் வரலாற்றை நாம் பெரும்பாலும் பேராசையைக் குறித்த பாடமாகவே போதிக்கிறோம். பொதுக்கருத்து உருவாக்கப்படும் முறையைக் குறித்த பாடமாகவும் அதனை வாசிக்கலாம். யேசபேல் கொலையாளரை அனுப்பவில்லை, கடிதங்களை அனுப்பினாள். அவற்றை அரசனின் பெயரால் எழுதி, அரசனின் முத்திரையை இட்டாள். அவை ஊரின் மூப்பருக்கும் பெரியோருக்கும் சென்றன. உபவாச நாள் கூறப்பட்டது. அதாவது, சமய ஒழுங்கு ஒன்று அதற்கு மேடையாயிற்று. பொய்ச்சாட்சிகள் இருவர் என்பதால் நியாயப்பிரமாணத்தின் வெளித்தோற்றமும் காக்கப்பட்டது. இறுதியில் கல்லெறிந்தவர் நாபோத்தின் ஊராரே. அரசனின் முத்திரையும், மூப்பரின் சம்மதமும், உபவாசத்தின் பயபக்தியும் இல்லாதிருந்தால், அவ்விருவரின் பேச்சை யெஸ்ரயேலில் யார் பொருட்படுத்தியிருப்பர்?

2023இல் நடந்ததை இவ்வொளியில் காண்போம். கைப்பேசியில் சுற்றிய காட்சிகளை வட இந்தியாவின் பெரிய இந்தி நாளிதழ் ஒன்று செய்தியாக அச்சிட்டது. அது முதல் முத்திரை. பீகார் முதலமைச்சர் நிதிஷ்குமார், தாம் செய்தித்தாள்கள் வழியே தாக்குதல்களை அறிந்ததாக மார்ச் 2ஆம் நாள் பொதுவெளியில் எழுதி, அதிகாரிகளை விசாரிக்கப் பணித்தார். அது பொறுப்புள்ள செயலே. எனினும் இரண்டாவது முத்திரையாயிற்று. செய்தித்தாளைச் சான்றாகக் கொண்டு முதல்வர் பேச, முதல்வரின் பேச்சைச் சான்றாகக் கொண்டு செய்தித்தாள்கள் மீண்டும் எழுதின. எதிர்க்கட்சியினர் சட்டமன்றத்தில் கிளர்ந்தெழுந்தது மூன்றாவது முத்திரை. பாட்னாவிலோ சம்பாரணிலோ மகனைத் தொலைவில் அனுப்பிவிட்டு இருக்கும் தாய், இத்தனை முத்திரைகளைக் கண்டபின் எவ்வாறு நம்பாதிருப்பாள்?

பரந்த உலகில் இதன் கொடிய எல்லையை 1994இல் ருவாண்டா கண்டது. அங்கே ஆர்.டி.எல்.எம். என்னும் வானொலி, அண்டை வீட்டாரைக் கரப்பான்பூச்சிகள் என்று அழைத்து ஒலிபரப்பியது. அச்செய்தி நிறுவனங்களை நடத்தியோரைப் பன்னாட்டு நீதிமன்றம் 2003இல் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. அதே ஆண்டில் அந்நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டோருள் ஒரு போதகரும் இருந்தார் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

4. யாருக்கு ஆதாயம்?

செய்தியும் அரசியலும் ஒன்றையொன்று பற்றி வளர்ந்த நிலம் தமிழ்நாடு. 'குடி அரசு' 1925இலும், 'முரசொலி' 1942இலும் தோன்றின. இயக்கமும் இதழும் இரண்டாக இருந்ததில்லை. 1967 ஜனவரியில் சுடப்பட்ட எம்.ஜி.ஆர். கழுத்தில் கட்டுடன் இருந்த படம் சுவரொட்டியாகி, அடுத்த மாதத் தேர்தலில் அவருக்குப் பதிலாகத் தெருக்களில் பேசியது. 1993இல் சன், 1999இல் ஜெயா, 2007இல் கலைஞர் தொலைக்காட்சி என ஒவ்வொரு முகாமும் தனக்கெனத் திரையை அமைத்துக்கொண்டது. இதனால் தமிழ் வாசகர் ஒரு பழக்கத்தைக் கற்றனர். செய்தியைக் கண்டவுடன், இஃது யாருடைய பத்திரிகை, யாருடைய தொலைக்காட்சி என்று கேட்பர். இஃது ஓரளவு நல்ல பாதுகாப்பே.

கைப்பேசிச் செய்தி இப்பாதுகாப்பை மீறி உள்ளே வந்தது. அது எந்தக் கட்சியின் பெயரோடும் வருவதில்லை. மைத்துனரின் பெயரோடும், சபைச் செயலரின் பெயரோடும் வருகிறது. 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது. வரம்பு வேகத்தைக் குறைக்கும். மைத்துனரின்மேல் உள்ள நம்பிக்கையைக் குறைக்காது.

ஆனால் கட்சி இல்லாமல் வரும் செய்திக்குக் கட்சி ஆதாயம் இல்லையென்று கொள்ளலாகாது. 2023 மார்ச் 1ஆம் நாள் சென்னையில் நடந்த முதலமைச்சர் ஸ்டாலினின் பிறந்தநாள் விழாவில் பீகாரின் அன்றைய துணை முதலமைச்சர் தேஜஸ்வி யாதவ் கலந்துகொண்டார். அடுத்தடுத்த நாட்களில் வதந்தி உச்சம் அடைந்தபோது, தம் மாநிலத்தார் சாகும் இடத்தில் விருந்துண்டார் என்று அவரைப் பழிக்க அது பயன்பட்டது.

அரசின் மறுமொழியையும் நாம் ஆராயாமல் விடலாகாது. காணொளிகளைப் பரப்பியதாகக் கைது செய்யப்பட்ட யூடியூபர் மனீஷ் காஷ்யப்மீது தேசிய பாதுகாப்புச் சட்டமே பாய்ந்தது. அத்தடுப்புக்காவலை 2023 நவம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரை அமர்வு நீக்கியது. செய்தி உண்மையா பொய்யா என்று தானே தீர்மானிக்கும் பிரிவை ஒன்றிய அரசு அமைக்க முயன்றதை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் செல்லாததாக்கியது. பொய் முத்திரைக்கு மாற்று மருந்து அரசின் முத்திரை என்று கொள்வோமானால், நாபோத்தின் கதையில் முத்திரை யாருடையது என்பதை மறந்தவர்களாவோம்.

5. எழுதப்படாதவை

பொய்ச்செய்தி முளைப்பதற்கு மண் வேண்டும். அம்மண், மெய்ச்செய்தி இல்லாமை. தொழிற்பேட்டையின் வடநாட்டுத் தொழிலாளர் எத்தனை மணி நேரம் உழைக்கின்றனர், உலைத்தீயில் வெந்தால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்படுகின்றனர், ஒப்பந்தக்காரர் பிடித்துக்கொண்ட கூலி எவ்வளவு என்பவற்றை நம் தமிழ் ஏடுகளில் அரிதாகவே வாசிக்கிறோம். 2025 செப்டம்பர் 30ஆம் நாள், இம்மாவட்டத்தில் எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து, பெரும்பாலும் அசாமைச் சேர்ந்த தொழிலாளர் ஒன்பது பேர் மாண்டனர். பன்னிரண்டு பேர் தூக்கிலிடப்பட்டனர் என்ற பொய்க்காகச் சட்டமன்றம் கலங்கியது. ஒன்பது பேர் மாண்ட மெய்க்காக அவ்வாறு கலங்கிய மன்றம் எதுவும் நம் நினைவில் இல்லை.

நன்மையும் அவ்வாறே எழுதப்படாது போகிறது. 2024 அக்டோபர் 11ஆம் நாள் இரவு, பீகாரின் தர்பங்காவுக்குச் சென்ற விரைவு ரயில் கும்மிடிப்பூண்டிக்கு அண்மையிலுள்ள கவரைப்பேட்டையில் நின்ற சரக்கு ரயிலின்மேல் மோதியது. உயிரிழப்பு இல்லை. இருளில் இறங்கி நின்ற பயணிகளைச் சுற்றுப்புற மக்கள் கைகொடுத்து ஏற்றினர், மண்டபத்தில் தங்கவைத்தனர், உணவும் நீரும் கொடுத்தனர். தமிழர் பீகாரியரைக் கொல்கின்றனர் என்று கூறப்பட்டு இருபது மாதங்கள்கூட ஆகாத நிலையில், அதே மக்கள் அதே மக்களுக்குச் செய்தது இது. விபத்துச் செய்தியின் இறுதி வரிகளில் அது இடம்பெற்று மறைந்தது.

இன்னொரு தீமையும் உண்டு. பொய் வதந்திகளுக்குப் பின் மெய்யும் வதந்தியாகத் தோன்றும். 2025 டிசம்பர் இறுதியில் திருத்தணியில், பதினெட்டு வயது நிரம்பாத சிறுவர் நால்வர் வெளிமாநில இளைஞர் ஒருவரை அரிவாளால் வெட்டி, அக்கொடுமையைத் தாமே படம்பிடித்துச் சமூக ஊடகத்தில் வெளியிட்டனர். இச்செய்தி நமக்கு முதலில் எட்டியபோது, 'இதுவும் 2023 போல இருக்கும்' என்று நம் சபையார் சிலர் கூறினர். அது மெய்யாயிருந்தது. எல்லாவற்றையும் நம்புவது போலவே எதையும் நம்பாதிருப்பதும் விசாரியாமல் இருக்கும் சோம்பலே.

6. சபைக்குரிய கடமை

தொடக்கத்தில் கூறாது விட்டதை இப்பொழுது கூற வேண்டும். 2018 மே மாத முதல் ஞாயிறன்று, நாம் அப்போது ஊழியம் செய்த சபையில், அறிவிப்புகளின் இறுதியில், பிள்ளைகளை வெளியே தனியே அனுப்பாதீர்கள் என்றும், ஊரில் சுற்றும் வடநாட்டாரைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்றும் நாமே அறிவித்தோம். குரற்செய்தியைத் தவிர நமக்கு வேறு ஆதாரம் இல்லை. அந்தப் புதனன்று பழவேற்காட்டில் அம்மனிதர் கொல்லப்பட்டார். நம் அறிவிப்பைக் கேட்டவர் எவரும் அங்கே இருக்கவில்லை என்பதில் ஆறுதல் தேட முயன்றோம். அவ்வாறு தேடியதே நம் மனச்சாட்சி அறிந்ததைக் காட்டிற்று. நம் அறிவிப்பும் ஒரு முத்திரை.

அந்நாட்களில் ஆலையில் பணியாற்றிய ஜார்க்கண்ட், ஒடிசா இளைஞர் சிலர், தத்தம் ஊர்களில் திருச்சபை அங்கத்தினர், நம் ஆராதனையில் பின்வரிசையில் அமர்வதுண்டு. அவர்கள் வருவது நின்றது. வேலைமாறிப் போயிருப்பர் என்று எண்ணினோம். 2023 மார்ச்சில், அஞ்ச வேண்டாம் என்று கூறுவதற்காக வாடகை அறைகளுக்குச் சென்றபோது அவர்களுள் ஒருவரைக் கண்டோம். அதற்குள் தமிழ் நன்கு பேசக் கற்றிருந்தார். நாம் ஆறுதல் கூறி முடித்தபின், "பாஸ்டர், அன்னைக்குக் கோயில்ல நீங்க சொன்னது எங்களைத்தானே?" என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை.

அடுத்த ஞாயிறு, ஐந்தாண்டுகளுக்கு முன் செய்த அறிவிப்பு பொய்யானது என்று அதே இடத்தில் நின்று அறிவித்தோம். பலருக்கு அது நினைவிலேயே இல்லை.

பொய்ச்சாட்சியைத் தடுக்கும் கற்பனை நீதிமன்றத்துக்குரியது. உபாகமம் 17ஆம் அதிகாரத்தின்படி, தண்டனைக்குரியவன்மேல் முதற்கல்லை எறிய வேண்டியது சாட்சியின் கையே. அதாவது, சொல்லியவன் தன் சொல்லின் விளைவுக்குமுன் முகத்தோடு நிற்க வேண்டும். இன்றைய சாதனங்கள் சாட்சியின் முகத்தை மறைத்து, கல்லை மட்டும் கைமாற்றுகின்றன. இதற்கு எதிராகச் சபை செய்யக்கூடியவை சில உண்டு, அவை எளியவை. பெயரோடு நிற்கும் சாட்சியில்லாத எச்செய்தியையும் அறிவிப்பில் சேர்க்கலாகாது. தவறாக அறிவித்ததை அதே இடத்தில், தாமதமின்றித் திருத்த வேண்டும். சபையின் வாட்ஸ்அப் குழுவை நடத்துவோருக்கு, மாணவருக்குக் கற்பிக்கும் அம்மூன்று வினாக்களையும் கற்பிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, யாரைக் குறித்துச் செய்தி வருகிறதோ அவரிடம் சென்று கேட்க வேண்டும். கேட்பதற்கு அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

தொழிற்பேட்டைகளை எல்லையாகக் கொண்ட சபைகள் இவ்வாண்டிலேயே ஒரு மூப்பரையாவது இப்பணிக்கென நியமித்து, வாடகை அறைகளுக்கு வார நாளில் அனுப்பலாம். அடுத்த வதந்தி வரும். அஃது எத்திசையிலிருந்து வருமென்று நாம் அறியோம். அது வரும்போது, நம் முத்திரையைக் கேட்டே முதலில் நம் வாசலில் நிற்கும்.